நிவாரணத்துக்கு வந்த குதிரை

பிறருக்கு நன்மை செய்யப் புறப்பட்டவரை யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. அத்தகையோரால் விளையும் சேதங்களுக்கு அதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. 2005-இல் மரக்காணத்துக்கு ஒரு குதிரையை வரவழைத்தவள் நான்.

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வாங்கிய கையோடு, சுனாமியால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு விளையாட்டுக் கூடத்தில் சேர்ந்திருந்தேன். மீனவக் குடும்பங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகளை ஒட்டி, உப்பளத்தைப் பார்த்தபடி இருந்தது எங்கள் கூடம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு. அதைத் தாண்டிக் குழந்தைகள் யாரும் போவதில்லை. ஏழு வயது கௌரி, அலைச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். அவளுடைய அப்பாவைக் கடல் திருப்பித் தரவில்லை. பல வாரங்களாகக் கொட்டகையை விட்டு வராதிருந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வரத் தொடங்கியிருந்தாள். நான் அங்கே சாதித்தது அது ஒன்றுதான். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

வெளிநாடுகளில் நாயளவு உயரமே உள்ள குட்டைக் குதிரைகளை மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போய், மனம் நொந்த குழந்தைகளைத் தேற்றுகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். (படித்ததைச் செயல்படுத்தாவிட்டால் பட்டம் எதற்கு?) அத்தனை குட்டையான குதிரைக்கு நான் எங்கே போவது? சென்னைக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் ஒரு மட்டக்குதிரையையும், அதன் சொந்தக்காரர் காதர் பாயையும் கண்டுபிடித்தேன்.

"சாதுதானே பாய்?"

"கொயந்த மாதிரிம்மா. பீச்சுலயே வளந்தது. தண்ணின்னா அதுக்கு உசுரு."

முதல் வாக்கியத்தோடு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மினி லாரியிலிருந்து குதிரை இறங்கியதும் குடியிருப்பே கூடிவிட்டது.

"ஏம்பா, நாம ஃபைபர் போட்டுதானே கேட்டு எழுதிக் குடுத்தோம்? குதிரைய அனுப்பியிருக்கானுங்க!" என்றார் ஒரு பெரியவர்.

"டேய், இன்ஜின் எங்கடா இருக்குது?" என்று இன்னொருவர் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

மனக்காயத்தை ஆற்றுவதில் விலங்குகளின் பங்கு குறித்து நான் ஆற்றிய உரையை, அருகிலிருந்த உப்புக் குவியலை நக்கியபடி அது பொறுமையாகக் கேட்டது. கௌரி மெல்ல வந்து பிடரியைத் தொட்டாள். சிரித்தாள். எனக்குக் கண் கலங்கியது.

"ஏத்தணுமாங்க டீச்சர்? பயந்துக்குவா" என்றாள் அவள் அம்மா அஞ்சலை.

"நான் கூடவே இருக்கேங்க. ஒண்ணும் ஆகாது."

பயிற்சி பெற்றவரே குதிரையை நடத்த வேண்டும் என்று கட்டுரையில் இருந்தது. பயிற்சி பெற்றவள் நானல்லவா? பாயை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டேன். கௌரியை ஏற்றிக்கொண்டு உப்பள வரப்பில் குதிரை அழகாகத்தான் நடந்தது. தோப்புப் பக்கமிருந்து கடற்காற்று வீசியதும் அதன் காதுகள் நிமிர்ந்தன. முதுகில் பிள்ளை ஏறினால் தண்ணீரைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதுதான் அது வாழ்நாளெல்லாம் கற்ற தொழில். ஒரே இழுப்பு. கயிறு போயிற்று, நான் உப்புப் பாத்திக்குள் முகங்குப்புற விழுந்தேன். எழுந்தபோது தோப்புக்குள்ளிருந்து கௌரியின் அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், கணுக்காலளவு அலையில் கரையைப் பார்த்துத் திரும்பி, கழுத்தை நிமிர்த்தி, அசையாமல் நின்றது குதிரை. (சவாரி முடிந்ததும் போட்டோ எடுப்பார்களாம். அதற்காக நிற்கிறது என்று பாய் பிற்பாடு விளக்கினார்.) கௌரி பிடரிக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். இப்போது அவளிடமிருந்து சத்தமே இல்லை. கணவன் போனபின் தோப்பைத் தாண்டாத அஞ்சலை, என்னைக் கடந்து தண்ணீருக்குள் ஓடி மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"குதிரைக்கு என்னா தெரியும் டீச்சர்? உங்களுக்குத் தெரிய வேணாமா?"

மறுநாளிலிருந்து கௌரி வரவில்லை. அவர்கள் கொட்டகைக்குப் போய்ப் பலமுறை கூப்பிட்டேன். தகரக் கதவுக்குப் பின்னால் பேச்சுக் குரல் நின்றுபோகும், கதவு திறக்காது. சில வாரங்களில் அவர்கள் கடலை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் இது பிரசித்தமான கதை. நான் எந்த நல்ல காரியத்தை ஆரம்பித்தாலும், "போட்டோவுக்கு நிக்குமா?" என்பார் கணவர். விருந்தாளிகள் வந்தால் மகன் கூடத்தின் நடுவே கழுத்தை நிமிர்த்தி நின்று காட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கதை அந்த இடத்தில் முடிந்துவிடும்.

ஒருமுறை மட்டும் மகள் சிரிக்காமல் கேட்டாள்: "அந்தப் பொண்ணு அப்புறம் கடலுக்குப் போனாளாம்மா?"

"சாப்பாடு ஆறுது, உக்காரு" என்றேன்.