சாம்பல் சார் எடுக்காத படம்

சொத்தை விற்றுக் குடித்தவர்களை நாகர்கோவிலில் பார்த்திருக்கிறேன். விற்றுச் சீட்டாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். சொத்தை விற்று, உலகத்தில் இருக்கிற நிறம் எல்லாம் எனக்கு வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் சாம்பல் சார்தான்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. எந்தத் துறை என்று கேட்காதீர்கள், நான் பென்ஷன் வாங்குகிறவன். குலசேகரத்துப் பக்கம் அவருக்கு முப்பது சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம், இருந்தது. அதை விற்று ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுக்கும். பட்டனைத் தட்டிக் கலருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், உள்ளே நிறமே கிடையாது. சாம்பல் சார் என்ற பெயர் அப்படி வந்ததுதான். முதல் படமாக வாசலில் பூத்திருந்த செம்பருத்தியை எடுத்து மனைவியிடம் காட்டியிருக்கிறார். “வெளையும் போச்சு, கலரும் இல்லியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் அடுப்படியைப் பூட்டிவிட்டார். இரண்டு நாள் சார் எங்கள் டிபன் பாக்ஸில்தான் சாப்பிட்டார்.

அந்தக் கேமராவில் கண்ணை வைத்தால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கி அமுக்க வேண்டும். அவர் ஒன்றாக்கி முடிப்பதற்குள் அந்த ஆள் பஸ் ஏறித் தக்கலை தாண்டியிருப்பார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், “மத்த கேமராவுல உள்ள நிக்கது மட்டும்தான் தெரியும் வே. இதுல ஓரத்துல வரப்போறதும் தெரியும்” என்பார். வரப்போவது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நாங்கள் சிரிப்போம்.

வடசேரி பஸ் நிலையத்தில் ஒருமுறை ஒரு போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். என்ன எடுத்தாய், காட்டு என்றார். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவருக்குக் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. கேமரா பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான், என் பெயரைச் சொல்லுங்கள் என்று வழி சொல்லி அனுப்பினார்.

சாருக்கு இரண்டு சட்டங்கள். கேமராவைப் பார்த்து நிற்கிறவர்களை எடுக்க மாட்டார். எங்கள் அதிகாரி ஓய்வுபெற்ற அன்று கழுத்தில் மாலையும் முகத்தில் சிரிப்புமாக நின்றார். சார் கேமராவை இறக்கிவிட்டார். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் அவர் சட்டையில் விழுந்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எடுத்தார். இரண்டாவது சட்டம், எடுத்த படத்தை அச்சடித்து, அடுத்த சனிக்கிழமை அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். நம் ஊரில் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் செத்தவர் படம். மீன் விற்கும் ஓர் அக்கா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “மாலையையும் நீரே வாங்கிட்டு வந்திருக்கலாமே வே” என்றாராம்.

என் தங்கை சுபாவின் கல்யாணம் திருவட்டாறில் நடந்தது. சார் சும்மா வந்தவர், சும்மா இருக்கவில்லை. அவர் கொடுத்த படங்களில் அடைப்பிரதமன் பாயசம் சிமெண்ட் குழைத்தது மாதிரி இருந்தது. நகையெல்லாம் அலுமினியம். அம்மா அவற்றைப் பரணில் போட்டார். மாப்பிள்ளை தனியார் கல்லூரியில் வேலை, பேச்சில் அத்தனை மரியாதை, குனிந்து காலைத் தொட்டுக் கும்பிடுகிற ஆள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதியம், சார் என் மேசையில் ஒரு படத்தை வைத்தார். வடசேரி பஸ் நிலையம். மாப்பிள்ளை ஓரடி முன்னால் நடந்தவர் பாதி திரும்பி ஏதோ கேட்கிறார். பின்னால் சுபா. ஒரு கையில் காய்கறிப் பை. இன்னொரு கை கன்னத்துக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. கண் இறுக மூடியிருக்கிறது.

சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அஞ்சரை பஸ்ஸு போயாச்சான்னுதான் அவரு கேட்டாரு. நான் பக்கத்துல நின்னேன். அதுக்கு இந்தப் பிள்ளை எதுக்கு வே கையத் தூக்குது?”

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் பயமாக இருந்தது. தங்கை திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும், அம்மா தாங்குவாரா, மாப்பிள்ளையிடம் போய் என்னவென்று கேட்பது என்றெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினேன். “கண்ட பொம்பளையளப் படம் பிடிச்சிட்டு நடக்கிய ஆளு நீரு. எனக்க குடும்பத்துலயும் கை வச்சாச்சா?”

அலுவலகமே கேட்டது. படத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

ஒரு வாரத்தில் மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போயிற்று. நான் எழுதவில்லை, ஆனால் அதில் இருந்த வாசகம் என்னுடையது. புது அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். என்ன படம், ஏன் சண்டை என்று கேட்டார். சார் அந்தப் படத்தை இன்னொரு தடவை அச்சடித்துக் காட்டியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். காட்டவில்லை. என் தங்கை பெயரையும் எடுக்கவில்லை. குலசேகரத்துக்கு மாற்றினார்கள். தினமும் பஸ்ஸில், தான் விற்ற விளையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகட்டும் என்று அலுவலகத்தில் ஒரு ஜோக் ஓடியது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

எட்டு மாதம் கழித்து சுபா ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். அம்மா அழுது முடித்த பிறகு, சுபா மடித்த சேலைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்தாள். அதே படம். எனக்குத் தருவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, தன் சட்டப்படி சார் அவளைக் காய்கறிக் கடையில் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

“மழை தூறுச்சு சார், அதான் கையத் தூக்கினேன்னு சொன்னேன் அண்ணே. அவரு படத்தை ஒருக்கா பாத்தாரு. பொறவு, இதுல மழை இல்லை மக்களே, நீயே பாருன்னு கையில தந்தாரு.”

படத்தை என் கையில் வைத்தாள்.

“திங்கக்கிழமை உங்க அண்ணன்கிட்டயும் ஒண்ணு குடுப்பேன், அவரு வந்திருவாருன்னும் சொன்னாரு. நானும் வழி பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை குலசேகரம் போனேன். சந்தை முனையில் கேமராவோடு நின்றார் சார். மன்னிப்பு என்று ஆரம்பித்து, பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை எல்லாம் குழறிக் கொட்டினேன். கேட்டு முடித்து ஒன்றுதான் கேட்டார். “பிள்ளை இப்ப கையத் தூக்குதா?”

இல்லை என்றேன்.

“பொறவு என்ன வே” என்று சாயா வாங்கித் தந்தார். எனக்கு மனம் ஆறவில்லை. என்னையும் ஒரு படம் எடும் என்று கேட்டேன். கேமராவைக் கண்ணில் வைத்து, வளையத்தைத் திருகினார். வெகுநேரம் பார்த்தார். இறக்கிவிட்டார். “நீரு படத்துக்கு நிக்கீரு. இது சரிப்படாது.”

அது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இருவரும் ஓய்வுபெற்றாயிற்று. சார் குலசேகரத்திலேயே வீடெடுத்துத் தங்கிவிட்டார். சுபா நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நான் சனிக்கிழமைதோறும், முட்டுவலியோடு, இரண்டு பஸ் மாறிக் குலசேகரம் போகிறேன். சாயாக்கடை வாசலில் நின்று, சாரைக் கவனிக்காதவன் மாதிரி ரப்பர் ஷீட் ஏற்றுகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைக்கண்ணால் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும், அதனால் கேமரா எழும்புவதில்லை. இதுவரை என் கைக்கு ஒரு படமும் வரவில்லை.

வராவிட்டாலும் போகிறது. அவர் நிற்கிற தெருவில் ஒரு மணிநேரம் நானும் நின்றுவிட்டு வருகிறேன். வாரத்தில் எனக்கு வேறு நல்ல நேரம் கிடையாது.