கொக்கி டீச்சரும் இரண்டு வேன்களும்

மனுஷரை நடுரோட்டில் வாயைப் பிளக்க வைப்பதில் கொக்கி டீச்சருக்கு இணையான ஒரு பிறவி, சுரண்டையிலிருந்து புளியறை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது.

தென்காசியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி அது. அறைக்கு இரண்டு பேர். ஏழாம் நம்பரில் நானும், பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தும் டீச்சரும். போன முதல் நாளே நான் கட்டிய துணிக்கொடியைப் பிடுங்கி எறிந்தார்.

"ஏட்டி, ரெண்டு முனையையும் ஒரே ஜன்னல்லயா கட்டுவ? தொளதொளன்னுல்லா கெடக்கு! ஒடம்புல ஒவ்வொரு செல்லும் இத ஒழுங்காச் செய்யுது, ஒனக்குத் தெரியலையே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணி காயப்போட வந்தவளுக்குப் பாடம்! செல் இரண்டாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டி நிற்குமாம். ஜோடியில் ஒவ்வொன்றின் இடுப்பிலும் கைனெட்டோகோர் என்று ஒரு புரதக் கொக்கி. எதிரெதிர் முனையிலிருந்து வரும் இழைகள் ஆளுக்கொரு கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால் விறைப்பு இருக்காது. செல்லே கழற்றி மறுபடி மாட்டும். ஒரே ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் பிரியாமல் காத்திருக்கும்.

"அவசரப்பட்டா ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் கொறையும். அம்புட்டும் நாசம்!"

சீசனில் ஐந்தருவிக்குப் போக இரண்டு வேன் பிடித்தோம். பொறுப்பை டீச்சரிடம் கொடுத்ததுதான் நாங்கள் செய்த பாவம். யாரும் விட்டுப்போகக் கூடாதென்று ஒரு சட்டம் போட்டார். அறைத் தோழிகள் கைகோர்த்து ரோட்டில் நிற்க வேண்டும். ஒருத்தி மணிக்கட்டில் இந்த வேனின் கயிறு, மற்றவள் மணிக்கட்டில் அந்த வேனின் கயிறு. டீச்சர் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார். எல்லாம் விறைப்பாக இருந்தால் விசில். கையை விட்டுவிட்டு அவரவர் வேனுக்கு ஓட வேண்டும். எதிர் டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது. அட கடவுளே, எனக்கு மானமே போயிற்று.

குளித்துவிட்டு வரும்போது, யாரோ தேய்த்துக் குளித்த எண்ணெயில் வழுக்கி, உடை மாற்றும் அறைக்குப் பின்னால் விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கி இறங்க, போலீஸ் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டியது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. போன் வேனில். இந்த வேன்காரிகள் நான் அந்த வேனில் இருப்பதாக நினைப்பார்கள், அவர்கள் இதில் என்று நினைப்பார்கள், என்னை விட்டுவிட்டுப் போயே விட்டார்கள் என்று அழுதுகொண்டே நொண்டி வந்தேன்.

வந்து பார்த்தால், அடியாத்தீ! இரண்டு வேனும் அங்கேயே நிற்கிறது. கயிறாவது மண்ணாவது என்று எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் கொட்டுகிற மழையில் நடுவில் நிற்கிறார். அவர் மணிக்கட்டில் ஒரு கயிறு. கையில் இன்னொரு கயிற்றின் காலி முனை. இரண்டு வேன் சாவியும் அவருடைய டிபன் பாக்ஸுக்குள்!

"யக்கா, சாவியத் தாங்க! போலீஸு வண்டிய எடுக்கச் சொல்லுதாவ!" டிரைவர் அழாத குறை.

"அவ அந்த வேன்ல இருப்பா டீச்சர்!" என்று உள்ளேயிருந்து கூச்சல்.

"இருப்பாளாம்லா! இங்கன கொக்கி காலியாக் கெடக்கு. ஒண்ணும் நகராது!"

என்னைக் கண்டதும், "ஏட்டி, எங்கன போய்த் தொலைஞ்ச?" என்று திட்டிக்கொண்டே கயிற்றை என் மணிக்கட்டில் கட்டிச் சுண்டிப் பார்த்தார். விறைப்பாக இருந்தும் இன்னொரு தடவை சுண்டிப் பார்த்தார். என்னை ஏற்றிவிட்டு, சட்டப்படி, எதிர் வேனுக்கு ஓடினார்.

இவள் வராமல் எதுவும் கிளம்பக் கூடாது என்று எனக்காக அதுவரை யாரும் நின்றதில்லை. தென்காசி வந்து சேரும்வரை அந்தக் கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.