ஈக்கள் செத்ததைப் பற்றி வாழைக்குலை வியாபாரி எழுதுவது

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் ஆன்ஸ்லினின் தகப்பன், நாகர்கோவில் வாழைக்குலை வியாபாரி ஆன்ட்ரூஸ் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், தங்கள் ஈக்களைத் தவிர.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள் துணிமணியோடு ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாயும் கொண்டுவந்தாள், எல்லாவற்றிலும் பழ ஈ. ஐயா, முப்பது வருஷமாகக் கடையில் நான் தோளில் கிடக்கிற தோர்த்தால் வீசி விரட்டுகிற அதே ஈ! "சும்மா ஈ இல்லப்பா, இதுக்க கண்ணு வேற மாதிரி" என்றாள். பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்ல ஒரு புரதம் உண்டாம், அது கயிற்றில் கட்டிய கன்றுபோல் சவ்விலேயே கிடக்குமாம், இன்னொரு புரதம் வந்து அறுத்துவிட்டால்தான் வெளியே போய்ச் சேதி சொல்லுமாம், அந்த அறுக்கிற புரதத்துக்கான ஜீன் கெட்டால் ஈக்குக் கண் சொரசொரத்துப் போகுமாம். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலு வருஷம்! கண் கெட்டதுதான் எனக்க தோர்த்துக்கு மாட்டுது போல என்றேன், மகள் சிரிக்கவில்லை.

குளிர்ச்சியான இடம் என்று அந்தப் பெட்டியைக் கடைக்குப் பின்னால் குலை பழுக்கவைக்கும் அறையில் வைத்திருக்கிறாள், என்னிடம் யாரும் சொல்லவில்லை. பண்டிகைக்கு ஏத்தன்குலை பழுக்க வேண்டாமா? வழக்கம்போலப் புகை போட்டுக் கதவை அடைத்தேன். திறந்தபோது குலையெல்லாம் அருமையாகப் பழுத்திருந்தது, ஈ ஒன்று மிச்சமில்லை. "முப்பது வருஷமா ஈய விரட்டுன கொதி இப்ப தீந்துதா?" என்கிறாள் என் மனைவி செல்லபாய். "எனக்க ஈ எல்லாம் போச்சே அப்பா" என்றாள் மகள். கிறிஸ்துமஸ் பிரியாணியை அடுக்களையில் தனியே இருந்து தின்றாள். எனக்கு நெஞ்சு வேகுது ஐயா.

பிழை முழுக்க என்னுடையது. அவளுக்க பட்டத்த நிறுத்திராதீங்க. கடைக்கு வரும் ஈயை எல்லாம் பிடித்து அனுப்பவும் தயார், கண்ணைக் கெடுக்கிற வேலையைத் தாங்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்களையும் பிள்ளைகளையும் கர்த்தர் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தாழ்மையுள்ள ஆன்ட்ரூஸ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரம் மகள் வாங்கி வாசித்தாள். "சாருட்ட மன்னிப்பு கேக்காண்டாம்ப்பா. இதே கண்டுபிடிப்ப வெளிநாட்டுல முந்தி எழுதிப் போட்டுட்டாவ. இனி இந்த ஈ வேண்டாம், கொன்னு களஞ்சிட்டு புதுசா தொடங்குன்னு சாரு சொன்னாரு. எனக்குக் கை வரல்ல, அதாக்கும் கொண்டுவந்தேன்" என்கிறாள். நாலு வருஷத்தக் கொன்னு களையச் சொல்ல உமக்கு எப்படி ஓய் நாக்கு வந்துது? மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆசீர்வாதம் உம்ம பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கட்டும். நீர் சொல்லியும் அவள் செய்யாத வேலையை, யாரும் சொல்லாமலே நான் செய்து முடித்திருக்கிறேன்.