பிள்ளை மடுவத்தில் பன்னிரண்டு சட்டம்

அந்த மாதம் முடிவதற்குள் என் மனைவியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிடுவது என்று தீர்மானித்தேன். சுடச்சுட. ஆவி பறக்க. ஒரு கணக்கப்பிள்ளைக்கு இந்த ஆசைகூட இருக்கக்கூடாதா?

நான் பழனியாண்டி. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில் நான் ஒரு சத்தம் போட்டால் இருநூறு பேர் நிமிர்ந்து நிற்பார்கள். வீட்டில் சத்தம் போட்டால் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது.

வீட்டில் அழகம்மா. எங்கள் ஒரே மகளைக் குருவிட்டப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு, பார்த்துக்கொள்ள என்னைத் தவிர அவளுக்கு ஆள் இல்லை. அது எனக்குப் பொற்காலம். அதில் தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணி மண்ணைப் போட்டார். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருப்பதை ஒரு நாள் எட்டிப் பார்த்தவர், அழகம்மாவைப் பிள்ளை மடுவத்து ஆயாவாக்கிவிட்டார். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகைதான் பிள்ளை மடுவம். அங்கே முப்பத்திரண்டு பிள்ளைகள். முப்பத்திரண்டும் மத்தியானம் சூடாகச் சாப்பிட்டன. நான், அவள் காலையில் ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போன சோற்றைத் தின்றேன். பொறாமைதான். ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் சட்டம் வந்தது. பிள்ளை மடுவம் எப்படி இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் இங்கிலீஷ் கடிதம். டாக்டர் நேரில் வந்து பார்ப்பாராம். கிளாக்கர் விசுவலிங்கம் யாழ்ப்பாணத்து மனுஷர். என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விளக்கினார்.

“பத்துச் சட்டம் கிடக்கு, கணக்கப்பிள்ளை. உம்மடை கையெழுத்து வடிவெல்லோ? தமிழிலை பலகையிலை எழுதி மடுவத்திலை மாட்டச் சொல்லித் துரை சொல்லுறார்.”

பத்தும் நல்ல சட்டங்கள்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கொதித்தாறிய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். மடுவத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு தகரக் கோப்பை. அடுப்பைச் சுற்றி வேலி. தொட்டில் கயிற்றை வாரா வாரம் இழுத்துப் பார்க்க வேண்டும். இருமல் உள்ளவள் ஆயாவாக இருக்கக்கூடாது. இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பாவி ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

பலகை என் கையில். தூரிகை என் கையில். சர்க்கார் பத்துப் போட்டால் பழனியாண்டி இரண்டு போடக்கூடாதா? போட்டேன்.

பதினொன்று: வெள்ளிக்கிழமைதோறும் ஆயா தன் கையாலேயே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்ட வேண்டும். ஒரு பிள்ளையும் விடுபடக்கூடாது.

பன்னிரண்டு: விளக்கெண்ணெய் குடித்த பிள்ளைக்கு அன்று ஆறிய கஞ்சி மட்டுமே கொடுக்க வேண்டும்.

முப்பத்திரண்டு வாயைத் திறக்க வேண்டும். முப்பத்திரண்டு கடி வாங்க வேண்டும். பிறகு நடப்பதையெல்லாம் கழுவ வேண்டும். அதற்குமேல் தனியாகக் கஞ்சி காய்ச்சி ஆற்ற வேண்டும். இரண்டே வெள்ளிக்கிழமையில் என் வீட்டு அடுப்படிக்கு ஓடி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கப்பிள்ளை அல்லவா?

அழகம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நானே பலகையைத் தூக்கிப் பிடித்துக் கணீரென்று படித்துக் காட்டினேன்.

“கிளாக்கரையா வீட்டம்மா பத்துன்னுதானே சொன்னாங்க?”

“அது... பொறவு ரெண்டு வந்துச்சு, புள்ள.”

“தபால்லயா?”

“தபால்லதான்.”

“நேத்துத் தபாலே வரலியே?”

“அவசரச் சட்டம். ஆள் மூலமா வந்துச்சு.”

“பதினொண்ண இன்னொருக்காப் படிங்க.”

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஹரி” என்றாள்.

பலகையைக் கீழே இறக்கிவிட்டேன். என் மனைவிக்குக் கோபம் வந்தால் தமிழில் கத்துவாள், பயமில்லை. சந்தையில் கற்றுக்கொண்ட இந்தச் சிங்கள ‘ஹரி’யை, அதாவது ‘சரி’யை, எடுத்தால், ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். சென்ற முறை அவள் ‘ஹரி’ சொன்னபோது என் சுருட்டுப் பெட்டி காணாமல் போனது. இன்னும் கிடைக்கவில்லை.

டாக்டர் பரராசசிங்கம் வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்தார். கூடவே துரை. பின்னால் கிளாக்கர். அதற்கும் பின்னால் நான். சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூச வைத்தது. முப்பத்திரண்டு கோப்பையும் ஆணியில் வரிசையாகத் தொங்கின. டாக்டர் தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தார். தண்ணீரை முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு பலகையைப் பார்த்தார். நான் எதிர்பார்க்காதது ஒன்று: அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது.

“நாங்கள் அனுப்பினது பத்து. இதிலை பன்னிரண்டு கிடக்கு. இதை எழுதினது ஆர்?”

கிளாக்கர் என்னைப் பார்த்தார். துரை கிளாக்கரைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“கிழமைக்குக் கிழமை குழந்தையளுக்கு விளக்கெண்ணெயோ? சின்னதுகள் செத்துப்போகுமல்லோ! சர்க்கார் உத்தரவிலை கை வைக்கிறதெண்டால் சும்மா விளையாட்டோ? துரைக்கு இங்கிலீஷிலை சொல்லவேணும்.”

வேலை போய்விடும். வீடு போய்விடும். மகள் வீட்டு வாசலில் மூட்டையோடு நிற்பேன். அப்போது அழகம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, சர்க்காரு சட்டம் மேல உள்ள பத்துதாங்க. கீழ ரெண்டும் எங்க வீட்டுச் சட்டம். பலகையில எடம் கெடந்துச்சு, இவரு எழுதிப்புட்டாரு.”

“வீட்டுச் சட்டமோ?”

“ஆமாங்க. மேல புள்ளைங்க வர்ற எடத்துலல்லாம் ‘மடுவத்துப் பிள்ளைகள்’னு இருக்கும், பாருங்க. இதுல மட்டும் ‘தோட்டத்துப் பிள்ளைகள்’. மடுவத்துப் புள்ளன்னா இந்தக் கொழந்தைங்க. தோட்டத்துப் புள்ளன்னா கணக்கப்புள்ள. இவருக்கு வயிறு சரியில்லீங்க. சூடா எதத் தின்னாலும் ஆகல. அதான் ஞாபகத்துக்கு எழுதி வச்சிருக்காரு.”

டாக்டர் பலகையை மறுபடி படித்தார். என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அவருடைய மீசை துடித்தது.

“மெய்யோ, கணக்கப்பிள்ளை?”

இல்லை என்றால் வேலை போகும். ஆம் என்றேன்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?”

“அதுக்குத்தாங்க காத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் அழகம்மா. போத்தலும் கரண்டியும் அவள் கையில் தயாராக இருந்தன.

வாயைத் திறந்தேன். ஒரு கரண்டி. “ஒரு புள்ளையும் விடுபடக்கூடாதுங்களே” என்று, எனக்குக் கீழே வேலை பார்க்கிற சின்னக் கணக்கப்பிள்ளை விடுமுறையில் போயிருந்ததால், அவன் பங்கையும் எனக்கே ஊற்றினாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் கை தட்டின. துரைக்கு டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஏழு வருஷத்தில் துரை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போகும்போது டாக்டர், இப்படி ஒரு ஆயாவை இந்தப் பகுதியிலேயே பார்க்கவில்லை என்றும், பக்கத்துத் தோட்டத்து ஆயாமாருக்கும் இவளே கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் சட்டத்தை என் கையாலேயே அழிக்கச் சொன்னார். பன்னிரண்டு நல்லதுதான், இருக்கட்டும் என்றார்.

அந்த மத்தியானம் அதிசயமாக அழகம்மா என்னோடு வீட்டுக்கு வந்தாள். நான் மூன்று முறை கொல்லைப்பக்கம் போய்வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன இருந்தாலும் என் வேலையைக் காப்பாற்றியவள் அவள்தான். நெஞ்சு நிறைய நன்றி இருந்தது. அதைவிடப் பசி இருந்தது.

“புள்ள, இன்னைக்காவது சூடா ஒரு பிடி சோறு...”

“பன்னெண்டு என்னாங்க?”

அவள் ஒரு தகரக் கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். முப்பத்துமூன்றாவது கோப்பை, புதிது. தொட்டுப் பார்த்தேன். கஞ்சி பச்சைத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது.

“டாக்டர் வந்ததே பத்து மணிக்கு. இத எப்போ காய்ச்சின?”

“விடியக் காலையிலயேங்க. ஆறணும்ல?”