மார்க் த்ரீ மோட்டாரை ஓட்டிப் பார்த்த வகையில் மைத்துனருக்கு எழுதிய விவரம்

நூம்பல்,
26-8-1976, வியாழக்கிழமை.

பிலாய் உருக்காலையில் பெரிய உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் ஸ்ரீமான் பரந்தாமன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் அக்காள் புருஷனும் பூந்தமல்லி ஸ்டாண்டு டாக்ஸிக்காரனுமாகிய மதுரைவீரன் எழுதிக்கொள்ளும் லிகிதம். இவ்விடம் அம்மன் புண்ணியத்தில் நானும் தங்கள் அக்காள் பொன்னியம்மாவும் சுகம். அவ்விடம் தாங்களும் தங்கள் சம்சாரம் வரலட்சுமியும் குழந்தைகளும் சுகமாயிருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், ஏனென்றால் விஷயம் நிறைய இருக்கிறது, தாள் இரண்டுதான் இருக்கிறது. நேரில் என்றால் வாடா போடா என்று பேசியிருப்பேன். வண்டி ஆர்.சி. புத்தகம் அவன் பேரில் இருக்கிறது, கடுதாசியில் மரியாதையாக எழுது என்று தங்கள் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்கிறாள். ஆகையால் இதில் உள்ளதெல்லாம் அவள் காதில் விழுந்து பாஸானது என்று தெரிந்துகொள்ளவும்.

நாலு வருஷத்துக்கு முன் தாங்கள் லீவில் வந்தபோது பேர் பதிந்து வைத்த புது மோட்டாருக்கு முறை வந்துவிட்டதும், அடுத்த மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கம்பெனியார் எழுதியதும் தங்களுக்குத் தெரியும். அதன்மேல் தாங்கள், மாமா, நீங்களே ஓட்டிப் பாருங்கள், நம் பழைய மார்க் டூவோடு புது மார்க் த்ரீயை ஒப்பிட்டு உள்ளது உள்ளபடி எழுதுங்கள், பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னால் விற்பனைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். டாக்ஸி பர்மிட் ஒன்றுதான் இருப்பதால் ஒரு வண்டி போனால்தான் இன்னொரு வண்டி வரும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், புது வண்டியில் ஏதாவது குறை கண்டுபிடித்தே தீருவது என்ற எண்ணத்தோடுதான் நான் அதில் ஏறினேன். பன்னிரண்டு வருஷம் ஒரே வண்டி ஓட்டியவனுக்கு வேறு எண்ணம் எப்படி வரும்? இந்த வரியைப் படித்துக் காட்டியதும் உங்கள் அக்காள் முறைக்கிறாள். முறைத்தால் முறைக்கட்டும், மையில் எழுதியாகிவிட்டது.

கம்பெனியில் வண்டி காட்டுகிற பிள்ளை சம்பத், நம்ம அம்பத்தூர்க்காரர். அந்தத் தாட்சண்யத்தில், எல்லோருக்கும் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் வெள்ளை வண்டியை ஆவணி முதல் ஞாயிறு காலையில் நூம்பலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் துணைக்கு ஷஃபியுல்லாவை வரச் சொல்லியிருந்தேன். பூந்தமல்லியில் ஷெட் வைத்து நம் வண்டிக்குப் பன்னிரண்டு வருஷமாக வைத்தியம் பார்ப்பவர் அவர்தான், குறை கண்டுபிடிப்பதில் அவருக்கு மிஞ்சி ஆளில்லை. இரண்டு வண்டியையும் வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். நம் வண்டி மூஞ்சியில் சின்னச் சின்னக் கட்டமாக வலை அடித்த மாதிரி இருக்கும் அல்லவா, புதுசுக்கு அதை எடுத்துவிட்டுக் குறுக்கே நீட்டு நீட்டாகப் பட்டை வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் உருண்டையாக விளக்கு. தெருவே கூடிவிட்டது. எனக்கு நம் வண்டியைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றியாவது நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

மச்சான், கதவைச் சொல்லவா, சீட்டைச் சொல்லவா, எதைச் சொல்ல? நம் வண்டிக் கதவைத் தோளால் தூக்கிக் கொடுத்து இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் சாத்தும், அது உங்களுக்கே தெரியும், அந்தப் பழக்கத்தில் புதுக் கதவையும் அப்படியே இடித்தேன், அது நான் இடிப்பதற்கு முன்பே தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது, நான்தான் இடுப்பில் பிடிப்போடு நிற்கிறேன், இன்னும் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து செல்ஃப் போட்டேன். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லையாக்கும், வந்தது ஒரு குறை என்று சந்தோஷமாக இன்னொரு தடவை போட்டேன், உள்ளே கர்ர்ரென்று அரைத்தது, சம்பத் பதறிப் போய், சார், வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது சார் என்றார். ஷஃபியுல்லா பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் காதை வைத்துப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணாத்தே, ஊர்ல எல்லாரும் இத்த வாங்கிட்டா நானும் என் பிள்ளைங்களும் பட்டினிதான்" என்றார். அவர் வாயால் இதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது.

அதற்குள் உங்கள் அக்காள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, ஏழெட்டு எலுமிச்சம்பழம் என்று எடுத்துக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறிவிட்டாள். எதற்கு என்று கேட்டேன். போகிற வழியில் திருவேற்காட்டில் ஒரு கும்பிடு என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். முன்சீட்டில் நான், சம்பத், ஷஃபியுல்லா மூன்று பேர். கிளம்பியதும் எனக்குக் கை காலே புரியவில்லை. நம் வண்டியில் செகண்டு கியர் விழ வேண்டுமென்றால் கெஞ்ச வேண்டும், இதில் நான் நினைப்பதற்கு முன் விழுகிறது. பூந்தமல்லி ஹைரோட்டில் ஏறினால் தட்டு முட்டுச் சத்தம் ஒன்று கிடையாது. நம் வண்டியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே ஓட்டித்தான் எனக்குப் பழக்கம், இதில் கேட்க ஒன்றுமில்லாமல் பக்கத்தில் இருப்பவர்களோடு பேச வேண்டியதாகிவிட்டது. பிரேக்கு விஷயத்தில்தான் மானம் போயிற்று. வயசான காரணத்தால் நம் வண்டி கரையான்சாவடியில் மிதித்தால் வேலப்பன்சாவடியில் நிற்கும், அதுவும் மூன்று தரம் பம்ப் பண்ணினால். அதே கணக்கில் வேலப்பன்சாவடி திருப்பத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பின்சீட்டுத் தாம்பாளத்தில் இருந்த தேங்காய் முன்னால் பறந்து வந்து சம்பத் மடியில் விழுந்தது. சம்பத் நல்ல பிள்ளை, இடுப்பைத் தடவிக்கொண்டே, பிரேக் நல்லா பிடிக்குது இல்ல சார் என்றார்.

திருவேற்காட்டில் வண்டியை நிறுத்தியதும் சம்பத்தும் ஷஃபியுல்லாவும் சோடா குடிக்கப் போனார்கள். நான் வண்டியை விட்டு இறங்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்து ஹாரனையும் வைப்பரையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் அக்காள் குருக்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வண்டி வீடு தேடி வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தும் ஆகிவிட்டது, இன்னும் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அவள் நியாயம். குருக்கள் மடமடவென்று பானட்டில் மஞ்சளையும் சந்தனத்தையும் குழைத்துப் பூசி, மூன்று பட்டை போட்டு, குங்குமம் வைத்து, மாலையைச் சாத்தி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். "என் தம்பி பேருக்கு சாமி. பரந்தாமன், ரோகிணி நட்சத்திரம்" என்று இவள் சொல்ல, என் தலை சுற்றியது. குருக்கள் கற்பூரம் காட்டி, எடுங்கோ என்று கையை ஆட்டினார். நான் என்ன செய்வேன் மச்சான், ஸ்டாண்டில் யார் புது வண்டி வாங்கினாலும் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு வருவது நான்தான், எடுங்கோ என்ற சத்தம் காதில் விழுந்தால் கை தானாகக் கியருக்குப் போய்விடும். எடுத்துவிட்டேன். நாலு பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கின.

சோடா புட்டியோடு வந்த சம்பத் அப்படியே நின்றுவிட்டார். சார், இது கம்பெனி வண்டி, நாளைக்கு அண்ணா நகர் டாக்டர் ஒருத்தருக்குக் காட்டணும், உங்களுக்கு அடுத்த முறை அவருடையதுதான் என்று கிட்டத்தட்ட அழுதார். உங்கள் அக்காள் அசையவில்லை. "தம்பி, இது இப்ப எங்க வண்டி. ஆத்தா கைல பழம் வாங்கின வண்டிய வேற ஆளுக்குக் காட்டினா அந்த டாக்டருக்கே டாக்டர் தேட வேண்டியதாப் பூடும்" என்றாள். ஒரு மணி நேரம் சமாதானம் பேசி, ஷஃபியுல்லாவின் ஷெட்டுக்குக் கொண்டுபோய், சீயக்காய் போட்டு, சோப்பு போட்டு, கடைசியில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தும் வெள்ளை பானட்டு பொன்னிறமாகத்தான் இருந்தது. அப்படியே ஓட்டிக்கொண்டு போனார் பாவம். மறுநாள் அந்த டாக்டர் மஞ்சளைப் பார்த்துவிட்டு, ராசியான வண்டி போலிருக்கிறது, உங்கள் ஆள் வேண்டாம் என்றால் உடனே எனக்குச் சொல்லுங்கள் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

ஆகவே மைத்துனரே, கூட்டிக் கழித்துச் சொல்வதானால் புது வண்டி மார்க் த்ரீ அருமையிலும் அருமை. நம் பழைய வண்டியில் இருப்பது எதுவும் அதில் குறையவில்லை, இதில் இல்லாதது அதில் நிறைய இருக்கிறது. அம்மன் ஆபீசில் உங்கள் பேருக்குப் பதிவும் ஆகிவிட்டது, இனி சர்க்கார் ஆபீசில் பதிவதுதான் பாக்கி என்கிறாள் உங்கள் அக்காள். பழசை எடுத்துக்கொள்ளச் செங்கல் சூளை துலுக்கானம் தயாராக இருக்கிறார். இதோடு விற்பனைப் பாரம் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்பிவைக்கவும்.

வரலட்சுமிக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதம். குழந்தைகள் தீர்க்காயுசாக, உங்களைப் போல் படித்து, உங்களைவிடக் கிட்டத்தில் உத்தியோகம் கிடைத்து இருக்க வேண்டியது. எல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் கோரும்,
சூ. மதுரைவீரன்.

பி.கு.: டேய் பரந்தாமா, இதைப் பூந்தமல்லி தபாலாபீஸில் கயிற்றில் கட்டிய பேனாவால் நின்றுகொண்டு எழுதுகிறேன். உன் அக்காள் கூட இல்லை. மேலே எழுதியதில் ஒரு எழுத்து பொய்யில்லை, ராஜா மாதிரி வண்டி. ஆனால் நீ கையெழுத்துப் போடாதே.

வருகிற வழியில் துலுக்கானம் மறித்து, பழசை ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார். பக்கத்து சீட்டில் அவருடைய சூளை மேஸ்திரி. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லையடா. செகண்டு கியரை அவர் போட்டு அடித்தார். பிரேக் பிடிக்காது என்றேன். ஆயில் குடிக்கும் என்றேன். மழைக்கு ஒழுகும், மேட்டில் ஏறாது, போலீஸ்காரன் பிடிப்பான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் இர்க்கட்டும் நைனா. நீ குந்திகினு கீற சீட்ட கயட்டிப் போட்டுட்டு உள்ள கல்லு அடுக்கப் போறேன். சூளைக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஓடினா போதும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். வண்டி என்னுடையது இல்லை, மச்சான் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதுசை அந்த டாக்டர் எடுத்துக்கொள்ளட்டும், கொடுத்துவைத்தவர். கோயிலுக்கு நானே போய் உன் பேரில் ஒரு மன்னிப்பு அர்ச்சனை செய்துவிடுகிறேன். வேண்டாம் என்று நானே உன் அக்காளிடம் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது, ஆகையால் நீதான் எழுத வேண்டும். பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் வண்டியை விற்க நீ யார் என்று கடுமையாக ஒரு கடுதாசி போடு. மாமா என்றுகூட எழுதாதே, மரியாதை இருந்தால் அவள் சந்தேகப்படுவாள். அவள்தான் படித்துக் காட்டச் சொல்வாள். நீ எவ்வளவு திட்டியிருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் சத்தமாகப் படிக்கிறேன்.