நீல வில்லையும் ஒரு டின் கச்சாயமும்

கொச்சித் துறைமுகத்தில் பொங்கியண்ணன் கப்பலேறிய கால் மணி நேரத்துக்குள் அவருடைய மானமும் கப்பலேறிவிட்டது.

"ரெண்டே ரெண்டு வில்லைதானுங்களா?" என்று கேட்டார் அவர், குரலைத் தாழ்த்தி.

"ஆமாய்யா. ஜன்னல் ரூமுக்கு ரெண்டு வில்லை" என்றார் ஏசுரத்தினம். கப்பலில் டீ, காப்பி கொடுக்கிற நாற்பது வயதுக்காரர். "இந்த நீல வில்லையச் சட்டையில குத்திக்கிட்டா டீ, காப்பி, சோடா, கலர், எத்தனை குடிச்சாலும் இலவசம். கீழ்த்தள ரூமுக்கு வில்லை கிடையாது. கவுண்டர்ல வரிசையில நின்னு காசு குடுத்துத்தான் குடிக்கணும்."

"நோட்டீசுல பயணம் முழுக்கப் பானங்கள் இலவசம்னுல்லோ போட்டிருந்துது?"

"அடியில ஜன்னல் அறைகளுக்கு மட்டும்னு சின்னதாப் போட்டிருக்கும்யா. கம்பெனி நியமம்."

பொங்கியண்ணன் அடியில் எதையும் படித்தவரல்லர். வேலந்தாவளம் சந்தையில் இருபது வருஷமாக மாட்டுத் தரகு. மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார்; அப்புறம் துண்டைப் போட்டு அதற்குள் எதிராளியின் விரலைப் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை என்று கணக்கு. வாய் பேசாது, விலை படிந்துவிடும். துண்டுக்குள் அவரை ஜெயித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று சந்தையே சொல்லும். சந்தை சொல்ல மறந்த நாளில் அவரே சொல்லிக்கொள்வார்.

பாலக்காட்டுக் கப்பல் ஏஜெண்டிடமும் துண்டைத்தான் போட்டார். மேல்தளத்தில் ஒரு ஜன்னல் அறை எடுத்தால் இரண்டாவது அறைக்குப் பாதிக் கட்டணம் என்று விளம்பரம். அந்தப் பாதியிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஏஜெண்டின் விரல்களைப் பிசைந்தார். ஏஜெண்டு பயந்துபோய் ஒரு காலண்டரும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். இரண்டாவது அறை ஜன்னலில்லாத கீழ்த்தள அறை என்பதை இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போகட்டும், கூட வந்தவர் வேறு யாராவதாக இருந்திருந்தால் பொங்கியண்ணன் சிரித்துவிட்டுப் போயிருப்பார். வந்திருந்தவர் சம்பந்தி நல்லதம்பி.

போன தை மாதம் பொங்கியண்ணன் தன் மகளை நல்லதம்பியின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணத்தன்று காலையில் பால் அத்தனையும் திரிந்துபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் சொந்தக் காசைக் கொடுத்து டீ குடித்தார்கள். மாட்டுத் தரகர் வீட்டுக் கல்யாணத்தில் பால் இல்லை! விடுவார்களா? அன்றிலிருந்து சம்பந்தியின் ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பொங்கியண்ணன் வீட்டுக்குப் பெயரே 'வறண்ட ஊடு'. "வறண்ட ஊட்டுக்குப் போறீங்களா? வாயை நனைச்சுட்டுப் போங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மகள் அதைச் சொல்லி அழுதபோது பொங்கியண்ணனுக்கு நெஞ்சு எரிந்தது.

அந்தப் பெயரைக் கடலில் கரைத்துவிட்டு வரத்தான் இந்தக் கோவாப் பயணம். சம்பந்தியையும் சம்பந்தியம்மாளையும் கூட்டிப்போய்க் குடிக்கவைத்துத் திணறடிக்க வேண்டும். அவர்களே ஊருக்குப் போய், "ஐயோ, போதும் போதும்னு ஆயிருச்சு" என்று சொல்ல வேண்டும்.

ஜன்னல் அறையையும் வில்லைகளையும் சம்பந்திக்குக் கொடுத்தார். மரியாதை அதுதான். வில்லையைக் குத்திக்கொண்டதும் நல்லதம்பி முதலில் பார்த்தது பொங்கியண்ணனின் வெறும் சட்டையைத்தான்.

"ஏனுங்க சம்மந்தி, உங்குளுக்கு வில்லை?"

பாதி விலைக்கு வாங்கிய அறை என்று எப்படிச் சொல்வது? டீ குடிக்கக் கவுண்டரில் சில்லறையோடு நிற்பேன் என்று எப்படிச் சொல்வது?

"எனக்கு வேண்டாம்னுட்டனுங்க" என்றார் பொங்கியண்ணன். "பழனிக்கு ஒரு வேண்டுதல். கரை சேர்ற வரைக்கும் வெறுந் தண்ணியத் தவிர எதையும் குடிக்கிறதில்லீங்க."

"அப்ப கீழ்த்தளத்துல ரூம் எடுத்திருக்கறது?"

"விரதக்காரன் தரையில படுக்கோணுமுங்க. கப்பல்ல தரைக்குப் பக்கம்னா கீழ்தானுங்களே?"

பக்கத்தில் நின்ற சாந்தம்மாள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சம்பந்தியம்மாள் பூமாரியைப் பார்த்தாள்.

நல்லதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றினார்.

"நீங்க விரதம் இருக்கறப்ப நான் கலர் குடிச்சா நல்லா இருக்குமுங்களா? நானும் இருக்கறனுங்க."

"ஐயையோ! வேண்டாமுங்க சம்மந்தி! இது என்ற வேண்டுதலுங்க!"

"சம்மந்தின்னா சரிபாதிங்க. முடிவு பண்ணிட்டேன்."

பொங்கியண்ணனுக்குத் தலை சுற்றியது. கப்பல் இன்னும் கிளம்பவேயில்லை.

சாயங்காலம் இருவரும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் நீல வில்லைக்காரர்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள். ஏசுரத்தினம் தட்டோடு போகும்போதெல்லாம் மலைத் தேயிலையின் வாசனை மூக்குக்குள் புகுந்து மூளையைப் பிடித்து இழுத்தது. பொங்கியண்ணன் சந்தை நாளில் மணிக்கு ஒரு டீ குடிக்கிறவர்.

"சம்மந்தி, தம் பிரியாணி வாசமாட்டம் இல்லீங்க இது?" என்றார் நல்லதம்பி, ஏக்கத்தோடு.

"டீங்க" என்றார் பொங்கியண்ணன்.

"தெரியுதுங்க. பேரைச் சொல்ல வேண்டாம்னுதான் மாத்திச் சொன்னனுங்க."

மறுநாள் காலையில் பொங்கியண்ணனால் முடியவில்லை. தலை விண்விண் என்று தெறித்தது. யாரும் பார்க்காமல் டீ வைக்கிற அறைக்குப் போனார்.

"ஏசுரத்தினம், ஒரு சொம்பு டீ. என்ற ரூமுக்குக் கமுக்கமாக் கொண்டாரோணும். என்ன கேக்கறே?"

"காசு வாங்கினா கவுண்டர்ல சீட்டுப் போடணும்யா. நாலு பேருக்குத் தெரியும். வேற எதாச்சும் பலகாரம் கிலகாரம் இருக்கா?"

இருந்தது. சம்பந்திக்காகச் சாந்தம்மாள் ஒரு டின் நிறையக் கச்சாயம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். பொங்கியண்ணனின் முகம் தெளிந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து ஏசுரத்தினத்தின் கைமேல் போட்டார். ஏசுரத்தினம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த மனிதன். மாட்டுச் சந்தையைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். உள்ளே கையை விட்டு ஒரு விரலைப் பிடித்தார். ஒரு சொம்பு டீக்கு ஒரு கச்சாயம்.

துண்டுக்குள் அந்தக் கை புரண்டது. பொங்கியண்ணனின் மூன்று விரல்களைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தது.

பொங்கியண்ணன் திடுக்கிட்டார். இரண்டைப் பிடித்தார். மூன்று திரும்பி வந்தது. கையை உதறிக்கொண்டு கிளம்புவதுபோலப் பாவனை செய்தார். சந்தையில் எவனும் இதற்கு மசிந்துவிடுவான். ஏசுரத்தினம் மசியவில்லை. அவரும் கையை உதறிக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கடைசியில் மூன்றுக்கே படிந்தது. இருபது வருஷத்தில் முதல் தோல்வி.

"ஏப்பா, இது எந்தச் சந்தையில கத்துக்கிட்டது?"

"துண்டுக்குள்ள நடந்ததை வெளிய சொல்லக்கூடாதுல்லய்யா?" என்று சிரித்தார் ஏசுரத்தினம்.

அந்த விதியும் தெரிந்திருக்கிறது! தோற்ற வலியையும் மீறிப் பொங்கியண்ணனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் வேலந்தாவளம் வித்தை கடல் வரைக்கும் வந்துவிட்டதே!

சொன்னபடி சொம்பு வந்தது. ஆனால் அது வந்த நேரம் கீழ் அறையில் நல்லதம்பி உட்கார்ந்திருந்தார். விரதக்காரருக்குத் துணையாக இருக்க வந்திருந்தார்.

"சொம்புல என்னங்க?"

"டீ…" என்று தொடங்கிய பொங்கியண்ணன், "தீர்த்தமுங்க" என்று முடித்தார். "பழனித் தீர்த்தம். ஊட்டுல இருந்தே கொண்டாந்து இவர்கிட்டக் குடுத்து வெச்சனுங்க."

"ஆவி பறக்குதுங்களே?"

"மலைத் தீர்த்தமுங்க."

"மலையிலருந்து வந்ததுதாம்யா" என்று ஏசுரத்தினமும் சத்தியம் செய்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

"தீர்த்தம் விரதத்துக்குத் தோஷமில்லீங்களே?" என்று கேட்ட நல்லதம்பி, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணாந்து, ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். குடித்து முடித்தபோது அவர் முகத்தில் ஞானம் தெரிந்தது.

"நெம்பச் சக்தியான தீர்த்தமுங்க. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்காங்க. சாயங்காலமும் கெடைக்குமுங்களா?"

கிடைக்காது என்று எப்படிச் சொல்வது? சாயங்காலமும் கொண்டுவரச் சொன்னார். அதற்கு மூன்று கச்சாயம். அடுத்த நாள் காலைக்கு மூன்று. நல்லதம்பிக்குப் பக்தி ஏற ஏற மத்தியானத்துக்கும் சேர்ந்துகொண்டது. கச்சாயத்தைத் திருடுவது பொங்கியண்ணன், தீர்த்தம் குடிப்பது நல்லதம்பி. அடிச்சொம்பில் தனக்கு ஒரு மடக்காவது மிச்சம் வைப்பாரா என்று பொங்கியண்ணன் ஒவ்வொரு தடவையும் பார்த்தார். அவர் வைக்கவில்லை. இத்தனைக்கும் குடித்ததென்னவோ சம்பந்தி, பேரென்னவோ பழனி முருகனுக்கு!

இதற்கிடையில் டின்னும் என்னவோ நியாயத்துக்கு மீறிக் காலியாகிக்கொண்டிருந்தது. தான் எடுத்ததற்கு மேலேயே குறைந்ததுபோல அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஏம்புள்ள, கப்பல்ல எலி நெம்பச் சாஸ்தி போலிருக்குது" என்று முந்திக்கொண்டு சொல்லிவைத்தார்.

"ஆமாங்க. எலிக்குக் கச்சாயம்னா உசுருங்க" என்றாள் சாந்தம்மாள். எங்கே போய்விட்டு வந்தாளோ, அவள் முகம் மட்டும் தெளிச்சியாக இருந்தது.

கப்பல் கோவாவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. கோவா எப்படி இருந்தது என்று பின்னால் யாராவது கேட்டால் பொங்கியண்ணனுக்குச் சொல்லத் தெரியாது. அங்கே ஒரு டீக்கடையின் எதிரில் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கொச்சியில் இறங்குகிற இடத்தில் பெட்டிகளோடு நின்றார்கள். நல்லதம்பி பொங்கியண்ணனின் தோளைத் தொட்டார்.

"சம்மந்தி, ஊருக்குப் போனதும் சொல்லப்போறனுங்க. கப்பல் நெறையக் கலரும் சோடாவும் கெடந்தும், ஒரு சொட்டு வாயில வெக்காத மனுசன் எங்க சம்மந்தின்னு."

பொங்கியண்ணனுக்குப் பகீரென்றது. ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை! கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இது போதாதா? கல்யாணத்தில்தான் வறட்சி, கடலுக்குக் கூட்டிப்போயும் வறட்சி என்பார்கள். மகளின் அழுத முகம் கண்ணுக்குள் வந்தது. எதற்காகக் கிளம்பினாரோ அதையே இரட்டிப்பாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"நீங்க உங்க கதையச் சொல்லிக்குங்க" என்று குறுக்கே வந்தாள் பூமாரி. "நான் என்ற கதையச் சொல்றேன். ஏனுங்க, எவ வறண்ட ஊடுன்னு சொன்னது? மூணு நாளா இந்தச் சம்மந்தியம்மா என்னைய உட்டாங்களா? ஒரு டம்ளர் காலியாகறதுக்குள்ள அடுத்த டம்ளர் வந்துருது. டீங்கறாங்க, காப்பிங்கறாங்க, கலருங்கறாங்க, கூடவே உக்காந்து அவங்களும் குடிக்கறாங்க. போதும் போதும்னு ஆயிருச்சு! என்ற ஆயுசுல இப்படியொரு உபசாரத்தை நான் பார்த்ததில்லீங்க. கொழிஞ்சாம்பாறை பூராவும் சொல்லப்போறேன்."

பொங்கியண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். மூன்று நாளாகக் கூனிப்போயிருந்த முதுகு தானாக நேரானது. போதும் போதும்னு ஆயிருச்சு! அவர் கேட்க ஆசைப்பட்ட அதே வார்த்தை. பெண்டாட்டியைப் பெருமையோடு பார்த்தார். பூமாரிக்காவது வில்லை இருந்தது, வில்லையே இல்லாமல் இவள் எப்படிக் கூட உட்கார்ந்து குடித்தாள் என்று கேட்கத் தோன்றியது. பெருமையில் அந்தக் கேள்வி கரைந்துபோயிற்று. சாந்தம்மாள் காலி டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏசுரத்தினம் வழியனுப்ப வந்தார். ஜெயித்த மனிதனுக்குரிய மரியாதையோடு பொங்கியண்ணன் அவர் கையைக் குலுக்கினார்.

"ஏசுரத்தினம், வேலந்தாவளம் சந்தையில என்னையத் துண்டுக்குள்ள ஜெயிச்ச ஆள் கெடையாது. நீ ஒருத்தன்தான். கரைக்கு வந்தாச்சு, இப்பவாச்சும் சொல்லு. உனக்கு இந்த வித்தையச் சொல்லிக்குடுத்த வாத்தியார் யாரு?"

ஏசுரத்தினம் தலையைச் சொறிந்தார்.

"முதல் நாளே உங்க வீட்டம்மாதான்யா, முந்தானையப் போட்டுக் கையப் பிடிச்சு, ஒரு டீக்கு ஒரு கச்சாயம்னு படிஞ்சாங்க, 'எங்கூட்டுக்காரர் துண்டோட வருவாரு தம்பி, அவருக்கு மட்டும் மூணுக்குக் கொறைஞ்சு உட்டுராதீங்க'ன்னு சொல்லிட்டுத்தாம்யா போனாங்க."