ஹேமலதாவைக் கோழி என்று கூப்பிட்டார்கள்

புளியஞ்சோலை மச்சான் சின்னுசாமி அவர்களுக்கு, வாழவந்தி நாட்டிலிருந்து மாரப்பன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் உங்க தங்கச்சி ருக்குமணியும் சுகம், மிளகுக்கொடியும் சுகம். அங்கேயும் எல்லோரும் அவ்வாறே இருக்க அறப்பளீஸ்வரர் பார்த்துக்கொள்வார்.

போன வாரம் நான் உங்களிடம் போனில் ‘மகளைத் திரும்ப வரவழைத்துக் கல்யாணம் பண்ணிவிடணும்’ என்று கத்தியதை வைத்து ஹேமலதாவுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்திருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்க. நடந்தது இதுதான். ஸ்காட்லாந்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பிள்ளை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த ஒரு அம்மா அவள் தோளைத் தட்டி ‘ஹென்’ என்றது என் காதில் விழுந்தது. நாமக்கல்லில் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போனவன் நான், ஹென் என்றால் பெட்டைக்கோழி என்று எனக்குத் தெரியாதா? உடனே வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி, அவள் பதிலைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றாளாம். தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒரு பாட்டியம்மா அவள் கையைப் பிடித்து, “அழாதே, ஹென்” என்றதாம். அந்த ஊரில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம், தலைமுறை தலைமுறையாக. கோழி என்ற அதே சொல்தான், யார் முதலில் சொன்னது என்று பாட்டிக்கும் தெரியவில்லை. குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் அல்லவா, அதனால் இருக்கும் என்றதாம். உங்க ஊரில் எப்படி என்று கேட்டதற்கு, கண்ணு என்போம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். கண்ணா, பார்க்கிற கண்ணா என்று கேட்டுவிட்டு, விடைபெறும்போது என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டு வைத்துக்கொண்டதாம். உடம்பு தேறி வீட்டுக்குப் போகிற அன்றைக்கு வாசலில் திரும்பி, “போய்ட்டு வாரேன் கண்ணு” என்று நம் பேச்சிலேயே சொன்னதாம்.

“அப்பா, எனக்கு இங்கயும் ஆள் இருக்காங்கப்பா” என்றாள். கடல் தாண்டி எங்கேயோ நம் பிள்ளையை இறக்கைக்குள் வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமும் முட்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் போல.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
மாரப்பன்

பின்குறிப்பு: இவ்வளவு அருமையான சொல்லை நம்ம ஊட்டிலும் வழக்கத்துக்குக் கொண்டுவரலாமே என்று, கடிதத்தை முடித்த கையோடு, அக்கம்பக்கத்து ஆட்கள் இருக்கையிலேயே உங்க தங்கச்சியை ‘என் பொட்டக்கோழி’ என்று ஆசையாகக் கூப்பிட்டேன். இந்தக் கதையை அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கடிதத்துக்கு முன்னாலேயே அவள் பெட்டியோடு அங்கே வந்து சேர்ந்திருப்பாள். மேலே எழுதியதை நீங்களே நிதானமாகப் படித்துக் காட்டுங்க.